பாடசாலைக் காலத்து ஓட்டம் இன்று எத்தனை வாரத்துக்குப் பெறுமதி?

கேள்வி: ஐயா, எனக்கு 36 வயது. மூதூரில் படித்த காலத்தில் தரம் 7 முதல் 12 வரை ஒவ்வொரு வருடமும் இல்ல விளையாட்டுப் போட்டியில் 400 மீற்றர் ஓடினேன். இரண்டு தடவை வலய மட்டத்துக்கும் ஒரு தடவை மாகாண மட்டத்துக்கும் போனேன். என் சிறந்த நேரம் 56 செக்கன். 2006ஆம் ஆண்டு ஆவணியில் இடம்பெயர்ந்ததோடு ஓட்டம் நின்றுவிட்டது. இப்போது திருகோணமலையில் வங்கியொன்றில் வேலை செய்கிறேன். சித்திரை மாதத் தொடக்கத்திலிருந்து நாங்கள் ஐந்து பேர் மாலையில் மைதானத்தில் ஓடுகிறோம். ஒருவர் கழகத்துக்குக் கால்பந்து ஆடியவர். ஒருவர் திருக்கடலூரில் கடற்றொழில் செய்பவர். ஒருவர் பாடசாலையில் வலைப்பந்து ஆடிய ஆசிரியை, இரண்டு வயதுக் குழந்தையின் தாய். மற்றவர் பிரதேச செயலகத்தில் லிகிதர், வாழ்க்கையில் ஒருநாளும் ஓடியிராதவர். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரே அட்டவணையைத்தான் எல்லோரும் பின்பற்றுகிறோம்: வாரத்தில் மூன்று நாள், ஆறு தடவை 200 மீற்றர் வேகமாக. மூன்றாவது வாரத்தில் எனக்குத் தொடையின் பின்பக்கம் பிடித்தது. மூன்று வாரம் ஓய்வெடுத்தேன். பதினோராவது வாரத்தில் அதே இடத்தில் மறுபடியும் பிடித்ததால் இரண்டு வாரம் ஓய்வெடுத்து, இப்போது மூன்று வாரமாக மீண்டும் ஓடுகிறேன். ஒன்றும் தெரியாத லிகிதரோ ஒருநாளும் தவறாமல் ஓடி, வாரத்துக்கு வாரம் முன்னேறுகிறார். மாசியில் இங்கே நடக்கவுள்ள போட்டியில் ஆண்கள் நால்வரும் 4×400 அஞ்சலோட்டம் ஓட எண்ணியிருக்கிறோம். முல்லைத்தீவு அகிலத்திருநாயகி அம்மையார் 72 வயதில் தங்கம் வென்றிருக்கும்போது, ஆறு வருடம் ஓடிய எனக்கு மட்டும் ஏன் இப்படி? பழைய அனுபவத்துக்குப் பயனே இல்லையா?

பதில்: அன்புள்ள வாசகருக்கு, பயன் இருக்கிறது. ஆனால் நீங்கள் அதைக் கணக்கிட்டிருக்கும் முறை பிழை. உங்கள் தொடைக்கு வந்த வினையும் அந்தக் கணக்கிலிருந்தே தொடங்குகிறது. ஆதலால் மருந்தைச் சொல்வதற்கு முன் கணக்கைச் சரிசெய்ய அனுமதியுங்கள்.

ஆறு வருடம் ஓடியதாக எழுதியிருக்கிறீர்கள். நமது பாடசாலைகளில் ஒரு மாணவனின் ஓட்ட வருடம் எப்படிப்பட்டது என்பதை, உடற்கல்வி ஆசிரியராக இருந்து பின்னர் பயிற்றுநரானவன் என்ற முறையில் நான் நன்கு அறிவேன். மாரி மழை ஓய்ந்து மைதானம் காய்ந்த பிறகு இல்லப் போட்டிக்கான ஒத்திகை தொடங்கும். ஆறு வாரம், மிஞ்சினால் எட்டு வாரம் நடக்கும். போட்டி முடிந்த மறுநாள் சப்பாத்து மூலைக்குப் போய்விடும். தாராளமாகவே எட்டு வாரம் என்று வைத்துக்கொண்டாலும் ஆறு வருடத்துக்கு நாற்பத்தெட்டு வாரம். வலயத்துக்கும் மாகாணத்துக்கும் தெரிவானபோது மேலதிகமாக எட்டோ பத்தோ வாரம். ஆக, உங்கள் ஆறு வருட அனுபவம் மொத்தத்தில் ஒரு வருடப் பயிற்சியைச் சற்றே தாண்டுகிறது. அதுவும் தொடர்ச்சியான ஒரு வருடம் அன்று. பத்து மாத இடைவெளிகளால் துண்டுபட்ட ஒரு வருடம். இதைக் குறைத்து மதிப்பிடுவதற்காகச் சொல்லவில்லை. வளர்ந்த பின் ஓடத் தொடங்கும் ஒருவரிடம் நான் முதலில் கேட்பது எந்த மட்டம் வரை போனார் என்பதை அன்று. ஒரு காயமோ நீண்ட ஓய்வோ இல்லாமல் தொடர்ந்து எத்தனை வாரம் பயிற்சி செய்திருக்கிறார், அது எப்போது முடிந்தது என்பதையே கேட்பேன். பயிற்றுநர்கள் பயிற்சி வயது என்று சொல்வதை நான் இப்படித்தான் எண்ணுகிறேன். இந்த வருடக் கணக்கில் உங்கள் ஆகக் கூடிய தொடர்ச்சி ஐந்து வாரம். இன்றைய நிலையில் மூன்று வாரம். உங்கள் நண்பரான லிகிதருக்குப் பதினாறு வாரம். மைதானத்தில் இன்று அவரே உங்களுக்கு மூத்தவர்.

அப்படியானால் பாடசாலைக் காலத்திலிருந்து உங்களிடம் எஞ்சியது என்ன? ஓடும் வித்தை எஞ்சியிருக்கிறது. இளமையில் பழகிய ஓட்ட அசைவு, சைக்கிள் ஓட்டத் தெரிந்தவனுக்கு அது மறக்காததைப் போல, நரம்புத் தொகுதியில் நெடுங்காலம் தங்கிவிடுகிறது. முழங்காலை உயர்த்துவது, வளைவில் உடலை உட்பக்கம் சாய்ப்பது, கைவீச்சை இறுக்கமின்றி வைத்திருப்பது ஆகியவற்றை நீங்கள் புதிதாகக் கற்க வேண்டியதில்லை. எஞ்சாமல் போனவை தசையின் பலமும், தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாணின் உறுதியும். இருதயமும் நுரையீரலும் சில வாரப் பயிற்சியிலேயே முன்னேற்றம் காட்டத் தொடங்குகின்றன. தசைநாண்கள் அதே அளவு முன்னேற மாதங்கள் எடுக்கும். இந்த இடைவெளியில்தான் திரும்பி வருபவர்கள் விழுகிறார்கள். மூச்சு வாங்குவது குறைந்துவிட்டது, கால் பழையபடி எழுகிறது, ஆகவே பழைய வேகத்துக்குப் போகலாம் என்று மனம் சொல்லும். ஆனால் அந்த வேகத்தைத் தாங்கவேண்டிய இழை இன்னும் அலுவலக நாற்காலியில் பதினெட்டு வருடம் இருந்த இழைதான்.

ஹம்ஸ்ரிங் என்று மைதானத்தில் சொல்லப்படும் பின்தொடைத் தசை, விரைவோட்டத்தில் பெரும்பாலும் கால் தரையில் இருக்கும்போது கிழிவதில்லை. கால் முன்னோக்கி வீசப்பட்டு, பாதம் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பாக, அந்தத் தசை நீண்டுகொண்டே வீச்சைத் தடுத்துப் பிடிக்க வேண்டிய கணத்தில்தான் அதன் மீது ஆகப்பெரிய சுமை விழுகிறது. வேகம் கூடக்கூட அந்தச் சுமையும் கூடுகிறது. லிகிதருக்குத் தன் தசையைக் கிழிக்கும் வேகத்துக்குப் போக இன்னும் தெரியாது. அறியாமை அவரைக் காப்பாற்றுகிறது. உங்களுக்குத் தெரியும், ஆகையால் போனீர்கள். ஒரு தடவை காயப்பட்ட பின்தொடை மறுபடி காயப்படுவதற்கான வாய்ப்பு மிகுதி என்பதும் உறுதியாக அறியப்பட்ட விடயம். வலி நின்றதைக் குணமானதாக எடுத்துக்கொண்டு அதே 200 மீற்றருக்குத் திரும்பியதே இரண்டாவது பிடிப்புக்குக் காரணமாக இருக்கவேண்டும்.

இதை நான் உயரத்தில் நின்று சொல்லவில்லை. பல வருடங்களுக்கு முன், மாகாண மட்டத்தில் ஓடிய ஒருவர் முப்பது வயதைத் தாண்டி என்னிடம் பயிற்சிக்கு வந்தார். அவருடைய ஓட்டத்தின் அழகில் நானே மயங்கி, இரண்டாவது வாரத்திலேயே முழு வேகத்தில் 150 மீற்றர் ஓடவிட்டேன். மூன்றாவது ஓட்டத்தில் வளைவு முடியுமிடத்தில் அவர் கையைப் பின்தொடையில் வைத்தபடி நின்றதை இன்றும் மறக்கவில்லை. அழகான ஓட்டம் தகுதியான ஓட்டமாக இருக்கவேண்டியதில்லை என்பதை நான் அவருடைய செலவில் கற்றுக்கொண்டேன்.

உங்கள் 56 செக்கனைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது எந்த மைதானத்தில், எந்தக் கடிகாரத்தில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. நமது பாடசாலை மைதானங்கள் பலவற்றில் முழு 400 மீற்றர் சுற்றுக்கு இடமில்லை. 200 அல்லது 300 மீற்றர் சுற்றையே கீறுவார்கள். மேட்டு விளிம்புள்ள பாதையில் முதல் ஓடுபாதையின் தூரத்தை விளிம்பிலிருந்து 30 சென்ரிமீற்றர் தள்ளியும், சுண்ணாம்புக் கோடு மட்டும் உள்ள பாதையில் 20 சென்ரிமீற்றர் தள்ளியும் அளக்கவேண்டும் என்பது விதி. அதைக் கவனிக்காமல் கோட்டின் மேலேயே நாடாவைப் பிடித்தால் சுற்றொன்றுக்கு ஒரு மீற்றருக்கு மேல் பிழைக்கும். கையால் அழுத்தி நிறுத்தும் கடிகாரத்தின் நேரமோ மின்னணு நேரத்தைவிடக் கொஞ்சம் குறைவாகவே காட்டும். 400 மீற்றரில் 0.14 செக்கன் சேர்த்தே ஒப்பிடுவார்கள். இவை சிறிய திருத்தங்கள். ஆனால் இந்த 56ஐ இன்றைய பயிற்சிக்கு அளவுகோலாக வைப்பது பெரிய பிழை. 17 வயதில் வந்த நேரத்தைக் கொண்டு 36 வயதின் 200 மீற்றர் வேகத்தைத் தீர்மானிக்க முடியாது. இன்று நீங்கள் நோவில்லாமல் ஓடக்கூடிய நேரம் எதுவோ அதுவே தொடக்கம்.

அதைவிட அடிப்படையான இன்னொரு சந்தேகம் எனக்கு உண்டு: 400 மீற்றர்தான் உங்கள் ஓட்டம் என்று யார் தீர்மானித்தது? 1998இல் பேங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் சுகத் திலகரத்ன 44.61 செக்கனில் ஓடித் தங்கம் வென்ற பிறகு சில வருடங்கள் என்னிடம் வந்த பையன்களில் பாதிப்பேர் 400தான் வேண்டுமென்று நின்றார்கள். மற்றப் பாதிக்கு, எந்த நிகழ்ச்சியில் இல்லத்துக்குப் புள்ளி குறைகிறதோ அதற்கு இல்லத் தலைவர் பெயரை எழுதிவிட்டார். பதினைந்து வயதில் முந்தி வளர்ந்த பையன் எந்தத் தூரத்திலும் முதலாவதாக வருவான். இரண்டு வருடம் கழித்து மற்றவர்கள் வளர்ந்ததும் அந்த முன்னிலை கரைந்துவிடும். ஆகவே பாடசாலையில் ஓடிய தூரத்தைச் சாதி போலப் பிறப்போடு வந்ததாக எண்ணாதீர்கள். முழு வேகத்தில் ஓடும் 400 மீற்றரில் உடல் செலவிடும் சக்தியில் 40 வீதத்துக்குச் சற்று மேலானது பிராணவாயுவின் துணையோடு வருவது. 800 மீற்றரில் அது ஏறக்குறைய 65 வீதம். அடுத்த சில மாதங்களுக்கு 800 மீற்றருக்கான பயிற்சியைச் செய்தால் உங்கள் 400க்கும் அடித்தளம் கிடைக்கும். பின்தொடைக்கு ஆபத்தான உச்ச வேகத்தையும் தவிர்க்கலாம்.

இனி உங்கள் கூட்டாளிகள். ஐந்து வேறுபட்ட உடல்களுக்கு ஒரே அட்டவணை என்பது ஐந்து பேருக்கு ஒரே அளவுச் சப்பாத்து வாங்குவதற்கு ஒப்பானது. கால்பந்து ஆடியவர் முதல் இருபது, முப்பது மீற்றரில் உங்கள் எல்லோரையும் விட்டுச் செல்வார்; ஏனெனில் அந்த விளையாட்டு அவருக்குக் கற்பித்தது அதைத்தான். ஆனால் நிமிர்ந்த உடலோடு அறுபது மீற்றருக்கு மேல் ஒரே சீராக ஓடும் தேவை ஆட்டத்தில் அரிதாகவே வரும். அவரைக் கட்டுப்படுத்தாவிட்டால் 400 மீற்றரின் முதல் நூறிலேயே கையிருப்பைச் செலவழித்துவிட்டு, கடைசி நூறில் நடப்பதுபோல் வருவார். அவருக்குத் தேவை 300 மீற்றர் ஓட்டங்களைச் சமமான வேகத்தில் பிரித்து ஓடும் பழக்கம். பந்தில்லாமல் ஓடுவது அவருக்குச் சலிக்கும், அதையும் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

கடற்றொழில் செய்பவரின் நிலை விசித்திரமானது. வலை இழுத்தும் வள்ளம் தள்ளியும் பழகிய உடலுக்கு உழைக்கும் திறனும் முதுகுப் பலமும் உண்டு. வெறுங்காலில் மணலில் நடப்பதால் பாதத்தின் சிறு தசைகளும் உறுதியானவை. ஆனால் கடினமான தரையில் ஆயிரக்கணக்கான தடவை பாதம் மோதும் அதிர்ச்சிக்கு அவருடைய கீழ்க்கால் எலும்பு பழகவில்லை. அவரிடமுள்ள மூச்சுத்திறனைப் பார்த்துத் தூரத்தைக் கூட்டிவிடாதீர்கள். முன்கால் எலும்பில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் நோ வந்து, இரவிலும் விடாமல் இருந்தால், எண்ணெய் தேய்ப்பதோடு நில்லாமல் வைத்தியரிடம் போகவேண்டும். எலும்பில் நுண்வெடிப்பு இருக்கக்கூடும். அத்துடன் இரவு முழுவதும் கடலில் நின்றுவிட்டு மாலையில் மைதானத்துக்கு வரும் நாளை அவர் பயிற்சி நாளாக எண்ணவே கூடாது. உறக்கமில்லாத உடலில் பயிற்சி ஒட்டாது.

ஆசிரியை வலைப்பந்து ஆடியவர் என்பதால் குதித்து இறங்கவும் சட்டென்று நிற்கவும் பழகியவர். அந்த வலு அவருக்கு 200 மீற்றரில் உதவும். பிரசவத்துக்குப் பின் இடுப்புத்தளத் தசைகள் தளர்ந்திருந்தால் ஓடும்போது சிறுநீர் கசிவதோ அடிவயிற்றில் பாரமான உணர்வோ தெரியும். இதைப் பெண்கள் வெட்கத்தால் சொல்வதில்லை. குழுவில் மற்ற நால்வரும் ஆண்கள் என்பதால் அவர் சொல்லவே மாட்டார். இயன்மருத்துவர் ஒருவரை ஒரு தடவை சந்திக்கும்படி அவரிடம் இந்தப் பத்தியைக் காட்டினால் போதும்.

லிகிதரைப் பற்றி நீங்கள் சற்றுப் பொறாமையோடு எழுதியிருப்பதாகப் படுகிறது, தவறாக எண்ணவேண்டாம். புதிதாகத் தொடங்குபவரின் முதல் ஆறு மாத முன்னேற்றம் எப்போதும் செங்குத்தானது, பிறகு சரிவு குறையும். வேகம் பிடிபடத் தொடங்கும் அந்த வேளையில் இன்று உங்களுக்கு வந்தது அவருக்கும் வரலாம். அவருக்கு ஓட்ட அசைவைக் கற்றுக்கொடுக்க உங்கள் ஐவரில் தகுதியானவர் நீங்கள் ஒருவரே. உங்கள் பாடசாலை அனுபவத்தின் உண்மையான பெறுமதி இப்போதைக்கு அங்கேதான் இருக்கிறது.

உங்கள் பயிற்சிக்கு வருகிறேன். ஆறு தடவை 200 மீற்றரை இன்றோடு நிறுத்துங்கள். முதலில் வைத்தியரிடம் இரத்த அழுத்தத்தையும் சீனியையும் பரிசோதியுங்கள். குடும்பத்தில் இளவயதில் இருதய நோய் கண்டவர்கள் இருந்தாலோ, ஓடும்போது நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ அதை மறைக்காமல் சொல்லுங்கள். பிறகு வாரத்தில் மூன்று நாள், ஒருநாள் விட்டு ஒருநாள். ஒரு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் முப்பது நிமிடம். இன்னொரு நாள் புல்தரையில் நல்ல உடற்சூட்டுக்குப் பின் எட்டுத் தடவை 100 மீற்றர், 80 வீத வேகத்தில். 80 வீதம் என்பதைப் பலரும் உணர்வை வைத்து மதிப்பிட்டு ஏமாறுகிறார்கள், ஆகவே கடிகாரத்தை நம்புங்கள்: இன்று 14 செக்கனில் 100 மீற்றர் ஓடக்கூடியவருக்கு 80 வீத வேகம் 17.5 செக்கன். நான்கு வாரம் ஒரு நோவும் வராமல் போனால் 16.5, அதற்கடுத்த நான்கு வாரம் 15.6. அதற்கு மேல் மார்கழி வரை போகவேண்டாம். ஸ்பைக் சப்பாத்தையும் அதுவரை வீட்டில் வையுங்கள்.

மூன்றாவது நாளுக்கு உவர்மலை ஏற்றத்தைப் பயன்படுத்துங்கள். ஏற்றத்தில் ஓடும்போது வேகம் தானாகவே குறைகிறது, காலடியின் நீளம் குறைகிறது, பின்தொடை அந்த ஆபத்தான நீட்சிக்குப் போவதில்லை. அதேநேரம் தரையை உதைக்கும் பலம் முழுமையாகத் தேவைப்படுகிறது. பத்துச் செக்கன் ஏறி, நடந்து இறங்குங்கள்; ஆறு தடவையில் தொடங்கலாம். விடியற்காலையில் கோணேசர் கோயில் வீதியிலும் இதைச் செய்யலாம். அங்கே கோட்டைக்குள் உலவும் மான்களும் கோயிலுக்குப் போகும் அடியார்களும் வழியில் இருப்பதால் வேகத்துக்கு அதைவிட நல்ல கட்டுப்பாடு கிடையாது.

வாரத்தில் இரண்டு நாள் பின்தொடையை வலுப்படுத்தும் நோர்டிக் பயிற்சியைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: முழந்தாளில் நின்று, கணுக்கால்களை ஒருவர் அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்தபடி முன்பக்கம் மெதுவாகச் சாய்ந்து, முடிந்தவரை தடுத்து, கடைசியில் கையூன்றுவது. கால்பந்து வீரர்களிடமும் பிற விளையாட்டு வீரர்களிடமும் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் இப்பயிற்சியைச் சேர்த்த குழுக்களில் பின்தொடைக் காயங்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருக்கின்றன. முதல் வாரம் ஐந்து தடவைக்கு மேல் வேண்டாம். மறுநாள் நாற்காலியில் இருந்து எழும்போது காரணம் புரியும்.

உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையில் ஓடுவது பற்றிப் பலர் கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மென்மணலில் ஓடுவதற்குக் கெட்டித் தரையைவிட ஏறக்குறைய 1.6 மடங்கு சக்தி செலவாகிறது. மூச்சுக்கு நல்லது, ஆனால் குதிகால் நாணை வெகுவாக இழுக்கும். அலை நனைத்த கெட்டி மணல் ஓட வசதியாயினும் கடல் பக்கம் சரிந்திருப்பதால், ஒரே திசையில் நெடுந்தூரம் ஓடினால் ஒரு பக்கத்து இடுப்பும் முழங்காலும் கணக்குக் கேட்கும். போன தூரம் திரும்பி வாருங்கள்.

ஆவணி முடியும் வரை கச்சான் காற்று வீசும். பிற்பகல் மூன்று, நான்கு மணிக்கு அந்த வறண்ட வெப்பத்தில் ஓடுவதில் வீரம் ஒன்றும் இல்லை. காலை ஆறு மணிக்கு முன்னரோ வெயில் தாழ்ந்த பின்னரோ வாருங்கள். கார்த்திகை, மார்கழியில் மழை மைதானத்தை எடுத்துக்கொள்ளும். அந்த வாரங்களைக் காலியாக விடுவதே நமது ஊர் ஓட்டக்காரர்களின் பழைய வழக்கம். தை பிறந்ததும் அவசர அவசரமாகத் தொடங்கி மாசியில் தசை கிழிவதும் அதே வழக்கத்தின் தொடர்ச்சி. மழை நாட்களில் வீட்டிலேயே படிக்கட்டு, நோர்டிக், கயிறடித்தல் ஆகியவற்றைச் செய்து, மழைவிட்ட காலைகளில் வீதியில் மெல்லோட்டம் ஓடினால் தொடர்ச்சி அறாது. ஐவரும் ஆளுக்கொரு கொப்பி வைத்து, செய்ததையும் நோவையும் உறக்கத்தையும் அன்றன்றே எழுதுங்கள். நினைவை நம்பினால் என்ன நடக்கும் என்பதற்கு உங்கள் ஆறு வருடக் கணக்கே சாட்சி.

அகிலத்திருநாயகி அம்மையாரைக் குறிப்பிட்டிருந்தீர்கள். 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் போட்டியில் அவர் வென்றது நம் எல்லோருக்கும் பெருமை. ஆனால் அவர் அங்கே இருபது வயதுக்காரர்களோடு ஓடவில்லை; தம் வயதுப் பிரிவினரோடு ஓடினார். மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிகள் 35 வயதில் தொடங்கி ஐந்து ஐந்து வருடப் பிரிவுகளாக நடப்பவை. நீங்கள் அதில் முதற் பிரிவுக்குள் நேற்றுத்தான் நுழைந்தவர். உங்களோடு நீங்கள் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் 17 வயது மூதூர்ப் பையனுக்கு அந்தப் பிரிவில் இடமே இல்லை.

மாசி அஞ்சலோட்டத்துக்குத் தாராளமாகப் பெயர் கொடுங்கள். தை நடுப்பகுதியில் 300 மீற்றரை 90 வீத வேகத்தில் நோவின்றி மூன்று தடவை ஓட முடியாவிட்டால் மட்டும் உங்கள் இடத்துக்கு வேறொருவரைத் தேடுங்கள். முடிந்தால், தொடக்கக் கோட்டில் இருந்து பாயவேண்டிய முதல் இடத்தைக் கால்பந்துக்காரருக்கும், இரண்டாவதைக் கடற்றொழிலாளிக்கும் கொடுத்துவிட்டு நீங்கள் மூன்றாவதாக ஓடுங்கள். கடைசி இடத்தில் நின்றால் முன்னால் போகும் முதுகைக் கண்டதும் உங்களுக்குப் பழைய 56 ஞாபகம் வந்துவிடும். அந்தக் கோலை லிகிதரிடம் கொடுங்கள்.